ட்ரீ என்பது தருவா, தாருவா? ஜெர்மானிய மொழிகளின் மரப் பெயர்கள்

பிப்ரவரி 4, வாசகர் கேள்வி

ஆங்கிலத்தில் மரத்துக்கு "ட்ரீ". நம்மிடம் "தரு". கற்பகத் தரு என்கிறோமே, அந்தத் தரு. இரண்டும் ஒன்றுதானே? அப்படியென்றால் ஓக், பீச் (beech), ஆஷ் என்று அவர்கள் சொல்லும் மரப் பெயர்களும் இங்கிருந்து போனவையாகத்தானே இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

ஒன்றல்ல. ஆனால் ட்ரீக்கு உறவான சொல் தமிழில் புழங்குகிறது. அது தேவதாருவில் இருக்கும் "தாரு".

தமிழில் எழுதும்போது தரு, தாரு இரண்டுக்கும் முதலெழுத்து ஒரே "த". சமஸ்கிருதத்தில் அப்படி இல்லை. தருவின் த, நாம் "தமிழ்" என்று சொல்லும்போது வரும் த. தாருவின் த, "பந்து" என்பதில் வரும் மென்மையான ஒலி. இந்த வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் போன்ற ஜெர்மானிய மொழிகள் தனிக்கிளையாகப் பிரிந்தபோது பழைய மென்மையான ஒலி வன்மையாக மாறியது. 1818இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க்கும் 1822இல் ஜெர்மனியின் யாகோப் கிரிமும் இதை ஒழுங்குபடுத்திச் சொன்னார்கள். உதாரணத்துக்கு வெளியே தேட வேண்டாம். தசாவதாரத்தின் தசம், ஆங்கிலத்தில் டென். துவிச்சக்கர வண்டியின் துவி, டூ. யானைத் தந்தத்தின் தந்தம், டூத். அதே கணக்கில் தாரு, ட்ரீ. கேட்பதற்கு "தரு"தான் அருகில் இருக்கிறது, ஆனால் ஒலிக்கணக்கில் அது உட்காரவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டு பிரிந்திருந்த சொற்கள் அச்சாக ஒன்றுபோலக் கேட்டால் அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, எதுவும் இங்கிருந்து அங்கே போகவில்லை. தாருவும் ட்ரீயும் இந்தோ-ஐரோப்பிய மூல மொழி எனப்படும் ஒரு மூத்த மொழியிலிருந்து தனித்தனியாக இறங்கியவை. தமிழ் அந்தக் குடும்பமே இல்லை. தருவும் தாருவும் நாம் சமஸ்கிருதத்திடம் வாங்கியவை. நம் சொந்தச் சொல் மரம், அதற்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை.

பிப்ரவரி 5

நேற்று விட்டதைத் தொடர்கிறேன். இந்தத் தாரு-ட்ரீ வேர் கிரேக்கத்துக்குப் போனால் "த்ரூஸ்", அங்கே அது ஓக் மரம். ஐரிஷ், வெல்ஷ் மொழிகளிலும் இதே வேர்தான் ஓக். ஆக, தொடக்கத்தில் இது பொதுவாக மரமா, ஓக் மரமா என்று நீண்ட காலமாக வாதம் உண்டு. என் சாய்வு மரம் என்ற பக்கம்தான். காடு முழுக்க ஓக் நிற்கும் ஊரில் "மரம்" என்றாலே ஓக் என்று ஆகிவிடுவது எளிது.

ஆங்கிலத்தில் உண்மைக்கான "ட்ரூ", நம்பிக்கைக்கான "ட்ரஸ்ட்" இரண்டும் இந்த வேர்தான் என்பது பரவலான கருத்து. மரம்போல் உறுதி என்ற பொருள். தார் ரோட்டின் தாரும் இதே வீடு. பைன் மரத்தைச் சுட்டு வடித்த பிசின்தான் முதலில் தார். ஆங்கிலம் வழியாக நம் ஊர்ச் சாலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஜெர்மன் மொழியில் இந்தச் சொல் தனியாக இல்லை, மறைந்து போனது. மரத்துக்கு அவர்கள் சொல்வது "பௌம்". ஆனால் வால் மட்டும் சில பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹொலுண்டர், வஹோல்டர் என்ற செடிமரப் பெயர்களின் கடைசி "டர்" அதுதான். நான் இருக்கும் ஃப்ரைபுர்க் பக்கம் மே கடைசியில் ஹொலுண்டர் பூத்துவிட்டால் வீட்டுக்கு வீடு சர்பத் காய்ச்சுவார்கள். அந்தப் பெயருக்குள் ட்ரீ உட்கார்ந்திருப்பது தெரிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. எல்லையைத் தாண்டி சுவிட்சர்லாந்தில் அஃபோல்டர்ன் என்று ஊர்கள் உண்டு, ஆப்பிள் மரம் என்று பொருள். அதிலும் இதே வால்.

ஆங்கிலம் தலைகீழ். அங்கே ட்ரீ நின்றது, பௌமின் சகோதரச் சொல் "பீம்" என்று மாறி, வெட்டிய உத்தரமாகிவிட்டது. நம் ஊர்க் கொத்தனார் "பீம் போட்டாச்சா" என்று கேட்பது ஆதியில் உயிருள்ள மரத்தின் பெயர். ஹார்ன்பீம் போன்ற சில மரப் பெயர்களில் மட்டும் பழைய பொருள் பிழைத்திருக்கிறது.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

ஜெர்மன் கற்பவர்களுக்கு ஒரு குறிப்பு. காட்டு மரங்கள் பெரும்பாலும் பெண்பால். ஐஹெ, பூஹெ, பிர்கெ, லிண்டெ, எர்லெ, எஷெ எல்லாம் முன்னால் "டீ" என்ற பெண்பால் சுட்டுச்சொல் ஏற்கும். ஆஹோர்ன் (மேப்பிள்) போன்ற ஒன்றிரண்டு அடம்பிடித்து ஆண்பாலின் "டேர்". லத்தீனிலும் மரங்கள் பெண்பால்தான், அதுவும் ஆண்பால் விகுதி போலத் தோன்றும் சொற்கள்கூட. இலக்கணப் பாலை மனப்பாடம் செய்யச் சொல்லி எல்லோரும் வதைக்கிறார்கள், இந்த ஒரு கூட்டத்தையாவது மொத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 8

வேறொருவர் கேட்டிருக்கிறார்: பீச் மரத்தை வைத்து ஆரியரின் தாயகம் ஜெர்மனி என்று நிரூபித்துவிட்டார்களாமே, உண்மையா?

நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த வாதம் மிகப் பெரிய ஆட்டம் ஆடியது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஆங்கில பீச், ஜெர்மன் பூஹெ, லத்தீன் ஃபாகுஸ் மூன்றும் ஒரே சொல், ஒரே மரம். ஒலிமாற்றம் ஒழுங்காகப் பொருந்துகிறது. பீச் மரம் எங்கே வளரும்? இன்றைய கலினின்கிராடிலிருந்து கருங்கடல் கரையில் ஒடெசா வரை ஒரு கோடு போட்டால், பெரும்பாலும் அதற்கு மேற்கே. மூல மொழியில் பீச்சுக்குப் பெயர் இருந்திருக்கிறது, ஆகவே அந்த மக்கள் கோட்டுக்கு மேற்கே வாழ்ந்தார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் சொல்லத் தொடங்கினார்கள். கேட்க எவ்வளவு கச்சிதம்!

ஓட்டை கிரேக்கத்தில் இருக்கிறது. அதே சொல் அங்கே "ஃபேகோஸ்", ஆனால் அது ஓக் வகை மரம். அப்படியானால் மூல மொழியில் அது பீச்தானா? ஓக்காக இருந்து மேற்கே போனவர்கள் பீச்சுக்கு வைத்தார்களா, பீச்சாக இருந்து தெற்கே இறங்கியவர்கள் ஓக்குக்கு வைத்தார்களா? சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது. ஸ்லாவிய மொழிகளில் இருக்கும் "புக்" ஜெர்மானியரிடம் கடன் வாங்கியது, அதனால் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. இந்திய, ஈரானியக் கிளையில் தெளிவான வாரிசே இல்லை. அப்புறம், கோட்டுக்குக் கிழக்கே காகசஸ் மலையிலும் பீச்சின் ஓர் இனம் அடர்ந்து நிற்கிறது.

2015இல் பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்த முடிவுகள் வந்தபோது, கருங்கடலுக்கு வடக்கே இருந்த புல்வெளி மக்கள் பெருவாரியாக ஐரோப்பாவுக்குள் நகர்ந்தது தெரிந்தது. இந்த மொழிகளின் பரவலில் அவர்களுக்குப் பெரும் பங்கு என்பதே இன்று வலுவாக நிற்கும் கருத்து. புல்வெளியில் பீச் காடு கிடையாது.

இந்த வாதத்தில் எனக்குக் கோபம் வருவது ஓர் இடத்தில்தான். ஒரு மரப் பெயரைப் பிடித்துக்கொண்டு "எங்கள் மண்தான் தொட்டில்" என்று பெருமை பேசியவர்கள், அதே கிரேக்கச் சான்று கையில் இருந்தும் அதை ஓரமாகத் தள்ளினார்கள். நம் பக்கமும் இப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேர்ச்சொல்லில் ஆர்வம் இருப்பவர்கள் தங்களுக்குப் பிடிக்காத சான்றைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

பிப்ரவரி 9

ஆங்கிலத்தில் புத்தகத்துக்கான புக்கும் பீச் மரமும் உறவா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஜெர்மனில் பூஹ் என்றால் புத்தகம், பூஹெ என்றால் பீச். ஸ்வீடிஷில் இரண்டுக்கும் "பூக்" என்ற ஒரே சொல், பன்மையில்தான் பிரிகின்றன. பழைய ஆங்கிலத்திலும் ஒன்றேதான். பீச் பலகையில் எழுத்தைக் கீறியதால் புத்தகத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பது வழக்கமான விளக்கம். பெரும்பாலான அகராதிகள் இந்த உறவை ஏற்கின்றன.

ஆனாலும் தடங்கல் உண்டு. மிகப் பழைய வடிவங்களில் புத்தகச் சொல்லும் மரச் சொல்லும் ஒரே மாதிரி வேற்றுமை உருபு ஏற்பதில்லை. மறைந்துபோன ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ஒருமையில் சொன்னால் எழுத்து, பன்மையில்தான் நூல். அதாவது முதலில் வந்தது தனி எழுத்து. கி.பி. 98 வாக்கில் தாசிதுஸ் என்ற ரோமானியர் ஜெர்மானியர் குறி பார்ப்பதை எழுதியிருக்கிறார்: காய்க்கும் மரத்தின் கிளையை வெட்டி, துண்டுகளில் குறியிட்டு, வெள்ளைத் துணியில் எறிவார்கள். என்ன மரம் என்று அவர் சொல்லவில்லை. 6ஆம் நூற்றாண்டில் வெனான்டியுஸ் ஃபோர்துனாடுஸ் என்ற லத்தீன் கவிஞர் ஜெர்மானியரின் பழைய எழுத்தான ரூனை எந்தப் பலகையில் எழுதலாம் என்று சொல்கிறார் தெரியுமா? ஆஷ் பலகையில்.

அதனால் பீச் பலகையைக் கண்ணால் கண்டதுபோல் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். உறவு இருக்கலாம். எப்படி உண்டானது என்ற கதைக்குத்தான் சான்று குறைவு. எழுதப்பட்ட பொருளின் பெயர் நூலுக்கு ஆவது என்னவோ எங்கும் நடப்பது. நூலுக்கான லத்தீன் "லிபெர்" முதலில் உள்மரப்பட்டை, நம் "ஓலை"யும் பனையின் ஓலைதான்.

பிப்ரவரி 9, இரவு

ஆஷ் பெயர் வந்ததால் ஒரு வரி. பழைய ஆங்கிலக் கவிதையில் ஆஷ் என்றால் ஈட்டியும்கூட. ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் புராணத்தில் முதல் ஆணின் பெயர் அஸ்க், அதாவது ஆஷ் மரம். உலகைத் தாங்கும் மரமும் ஆஷ்தான். அடுப்புச் சாம்பலுக்கான ஆஷ் வேறு சொல். ஆங்கிலத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டன, ஜெர்மனில் எஷெ வேறு, அஷெ வேறு.

பிப்ரவரி 12

எனக்கு மிகப் பிடித்த இணைக்கு வருகிறேன். ஆங்கிலத்தின் "ஃபிர்" என்ற ஊசியிலை மரமும் லத்தீனின் "க்வெர்குஸ்" என்ற ஓக் மரமும் ஒரே சொல்.

நம்பச் சிரமம் என்று தெரியும். பஞ்சாயத்தை வைத்துக்கொள்ளுங்கள். பஞ்ச என்றால் ஐந்து. மூல வடிவம் "பென்க்வெ" போன்றது. ஜெர்மானியத்தில் ப என்பது ஃப ஆகும், அதனால் ஆங்கிலத்தில் ஃபைவ். லத்தீனில் சொல்லின் நடுவில் இருக்கும் க்வ முதலெழுத்தையும் தன்பக்கம் இழுத்துவிடும், அதனால் க்வின்க்வே. இதே இரண்டு மாற்றத்தையும் "பெர்க்வு" என்ற மூல மரப் பெயரில் செய்து பாருங்கள். ஒரு பக்கம் பழைய ஜெர்மனில் ஃபொர்ஹா, இன்றைய ஃபோரெ, அதாவது பைன். மறு பக்கம் லத்தீனில் க்வெர்குஸ். ஆங்கில ஃபிர் வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வாங்கியது, ஆனால் அதே சொல்தான்.

ஒலி இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும்போது பொருள் மட்டும் ஓக்கிலிருந்து பைனுக்குத் தாவியிருக்கிறது. லித்துவேனியாவின் இடி தெய்வம் பெர்கூனஸ். இடி விழும் மரம் ஓக் என்பதால் அந்தப் பெயரையும் இந்த வேரோடு சேர்ப்பவர்கள் உண்டு. நம் மழைத் தெய்வம் பர்ஜன்யனையும் இழுத்துவருவார்கள். அதில் நடு ஒலி உதைக்கிறது, நான் சேர்க்கமாட்டேன்.

பிப்ரவரி 13

"ஏன் தாவியது" என்ற கேள்விக்கு. நம் ஊரில் பெயர் பெற்ற மாக்ஸ் முல்லரே இதற்கு விடை தேடினார். 1860களில் லண்டனில் ஆற்றிய உரைகளில் ஒன்றோடு இதைச் சேர்த்து எழுதினார். டென்மார்க்கின் சதுப்பு நிலங்களைத் தோண்டிய ஸ்டேன்ஸ்ட்ருப், அடியில் பைன், மேலே ஓக், இன்னும் மேலே பீச் என்று காடுகள் ஒன்றையடுத்து ஒன்று மாறியதைக் காட்டியிருந்தார். முல்லர் சொன்னது: காடு மாறும்போது மக்கள் பெயரை விட்டுவிடவில்லை, புதிய மரத்துக்குப் பழைய பெயரை வைத்தார்கள்.

அழகான கருத்து, ஆனால் காலம் ஒத்துவரவில்லை. அந்தப் பைன் காட்டுக் காலம் இந்த மொழிகள் அங்கே வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டு முந்தையது. இருந்தும் முல்லரின் அடிப்படைப் பார்வையை நான் விடமாட்டேன். காடு தானாக மாறி ஆளிடம் வரவில்லை. ஆள்தான் ஒரு காட்டை விட்டு இன்னொரு காட்டுக்குப் போனான். பெயர் அவனோடு போயிற்று, மரம் போகவில்லை.

பிப்ரவரி 16

இடமே மாறாமல் நின்ற பெயர் ஒன்றாவது உண்டா என்று கேட்டவருக்கு: பர்ச். ஆங்கில பர்ச், ஜெர்மன் பிர்கெ, லித்துவேனிய பெர்ஜாஸ், ரஷ்ய பெரியோஸா, சமஸ்கிருத பூர்ஜ. வடகடலிலிருந்து இமயம் வரை ஒரே சொல், ஒரே வெள்ளைப் பட்டை மரம். வேரின் பொருள் ஒளிர்தல், ஆங்கில "ப்ரைட்" இதன் உறவு. நம் பிரகாசம் இதில் சேராது, அது வேறு வேர்.

கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகும் வழியில் போஜ்பாஸா என்று ஓர் இடம் வரும். போஜ் என்பது இந்தப் பூர்ஜதான். அந்தப் பாதையில் காகிதம் போல உரியும் பட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பிறகு ஸ்வீடனில் ஏரிக்கரையில் அதே பட்டை. வேர்ச்சொல் அகராதியில் காற்புள்ளி போட்டுப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு சொற்களை இரண்டு கையால் தொட்ட மாதிரி இருந்தது. பூஜ்ஜியக் குறியோடு கூடிய பக்ஷாலி கணக்குச் சுவடி, 1881இல் பெஷாவர் அருகே கிடைத்தது, இந்தப் பட்டையில் எழுதியதுதான்.

இதிலும் இத்தாலி ஒரு விதிவிலக்கு. பர்ச் அரிதான தெற்கே போனவர்கள் பழைய பெயரை ஆஷ் மரத்துக்கு வைத்துவிட்டார்கள் போலும், லத்தீன் "ஃப்ராக்ஸினுஸ்" அப்படி வந்தது என்பது பலர் ஏற்பது. பின்னால் பர்ச்சுக்குப் பெயர் தேவைப்பட்டபோது இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த கால் (Gaul) நாட்டவரிடம் கடன் வாங்கினார்கள்.

பிப்ரவரி 17

தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிறுவிய லின்னேயுஸின் பெயரைப் படித்த தாவரவியல் மாணவர்களுக்கு: அவர் அப்பா, குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்ட் மரத்தை வைத்துச் சூட்டிக்கொண்ட குடும்பப் பெயர் அது. ஆங்கிலத்தில் இதே மரம் "லைம்" என்று திரிந்துவிட்டது. பெர்லினின் லைம் மரச் சாலையை மொழிபெயர்க்கும்போது யாராவது எலுமிச்சை என்று எழுதினால் தயவுசெய்து திருத்துங்கள்.

பிப்ரவரி 20

பழ மரங்கள் ஏன் பட்டியலில் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆப்பிள் வடக்கத்திய பழஞ்சொல். மற்றவை, ஜெர்மனின் பிர்னெ, கிர்ஷெ, ஃப்ளௌமெ, ஃபிர்ஸிஹ், அதாவது பேரி, செர்ரி, பிளம், பீச் (peach) பழம், அத்தனையும் லத்தீன் கடன். ஒட்டுக்கட்டித் தோட்டம் போடும் தொழிலை ரோமானியர் கொண்டுவந்தார்கள், பெயரும் கூடவே வந்தது. வால்நட் என்பதே "அந்நியர் கொட்டை". வேல்ஸ் நாட்டின் பெயரில் இருப்பதும் அதே அந்நியர் என்ற சொல். காட்டு மரம் சொந்தப் பெயரோடு, தோட்ட மரம் வந்த பெயரோடு. இதைப் பார்த்தால் ஒரு சமூகம் எதைத் தானே அறிந்தது, எதைக் கற்றுக்கொண்டது என்பது பெயரிலேயே தெரிகிறது.

பிப்ரவரி 23

13ஆம் தேதிக் குறிப்பை மீண்டும் எடுக்கிறேன். பெயர் ஆளோடு போகிறது என்பதற்கு அத்தனை பழங்காலம் போக வேண்டாம், கண் முன்னால் நடந்திருக்கிறது.

நார்வேக்காரர்கள் ஐஸ்லாந்தில் குடியேறினார்கள். அங்கே ஓக் கிடையாது, காடு என்றால் குட்டை பர்ச்தான். "ஐக்" என்ற ஓக் சொல் அவர்கள் வாயில் பொதுவாக மரம் என்ற பொருளுக்கும் வந்துவிட்டது. டச்சுக்காரர்கள் தென்னாப்பிரிக்கா போனார்கள். அங்கே பீச் இல்லை. முற்றிலும் வேறான ஒரு மரத்தை "பூகன்ஹௌட்", பீச் கட்டை, என்றார்கள். ஆங்கிலேயர் ஆஸ்திரேலியா போய், கட்டையின் வரி ஓக் போல இருந்த மரங்களை "ஷீ-ஓக்" என்றார்கள். நம் கடற்கரையெல்லாம் நிற்கும் சவுக்கு அந்த இனம்தான்.

எனக்குச் சொந்த ஊர் குன்னூர் பக்கம். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் மரத்தை நாங்கள் சில்வர் ஓக் என்றே சொல்லி வளர்ந்தோம். மிளகுக்கொடி ஏற்றவும் அதுதான். அதுவும் ஆஸ்திரேலிய மரம், ஓக்கோடு எந்த உறவும் இல்லை. வடகடல் ஓரத்து மக்கள் தங்கள் ஊர் மரத்துக்கு வைத்த பெயர், கப்பலேறி ஆஸ்திரேலியா போய், அங்கே வேறு மரத்தில் ஒட்டி, நீலகிரிக்கு வந்து, படிக்காத தோட்டத் தொழிலாளி வாயிலும் ஓக் ஆகிவிட்டது. பீச்சை வைத்துத் தாயகம் தேடியவர்கள் நம் ஊர் சில்வர் ஓக்கை ஒரு முறை பார்த்திருக்கலாம் என்று தோன்றும்.

பிப்ரவரி 24

"நம்மிடமிருந்து ஒன்றுமே போகவில்லையா" என்று மறுபடியும் கேட்டிருக்கிறார் முதல் கேள்வி கேட்டவர். போயிருக்கிறது, அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். தேக்கு. மலையாளக் கரையில் போர்த்துகீசியர் கேட்டு "தேகா" என்றார்கள், ஆங்கிலத்தில் டீக். ஜெர்மனும் டச்சும் ஸ்வீடிஷும் அதையே எடுத்துக்கொண்டன. மாங்காயும் அதே வழியில் போய் மாங்கோ ஆனது. கப்பல், வியாபாரம், ஆண்டு, எல்லாவற்றுக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. இங்கே பார்க்கும் மரச்சாமான் கடைகளில் டீக் என்று அட்டை தொங்கும்போது ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கிறேன்.

பிப்ரவரி 26

ஒரு வேண்டுகோள். வால்பாறை, நீலகிரி, இலங்கை மலையகம் ஆகிய இடங்களில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், சில்வர் ஓக்குக்கு அவர்கள் வேறு பெயர் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டு எழுதுங்கள். எந்த ஊர், எந்தப் பக்கத்துத் தோட்டம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இந்தப் பெயர்களை நான் சேகரித்துக்கொண்டிருக்கிறேன்.